மலைப்பயறும் அதன் பக்குவமும்

புறநானூற்றின் 335-ஆம் பாட்டிலே மாங்குடி கிழார் என்னும் புலவர் தாம் கண்ட ஊரின் உணவை நான்கே பெயர்களில் அடக்கிவிடுகின்றார். வரகு, தினை, கொள், அவரை என்பன அவை. இந்நான்கே உணவு, வேறில்லை என்பது அவர் துணிபு. நான்கனுள் இரண்டு சிறுதானியம், இரண்டு பயறு. அவ்வுணவு வரிசையில் நெல் இல்லை. சங்கரன்கோவிற் பக்கத்து மாங்குடியே இப்புலவரின் ஊர் எனக் கருதுவாரும் உளர். அவர் கருத்து மெய்யாயின், அப்பாட்டிற் கண்ட கொள்ளும் அவரையும் நம் தென்காசிச் சீமையின் கரிசலிலும் செவலிலும் விளைந்தனவே ஆதல் கூடும்.

இந்நால்வருள் வரகுக்கும் தினைக்கும் இந்நாளில் மீண்டும் நற்காலம் பிறந்துள்ளது. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடிற்று. அதனை வேண்டிப் பெற்றது நம் நாடே. திருமண விருந்திலும் தினைப்பாயசம் ஏறிவிட்டது. ஆயின் கொள்ளும் அவரையும் அவ்வேற்றம் பெற்றில. பயறுகளுக்கென அதற்கு ஏழாண்டு முன்னரே, 2016-இல், ஓர் ஆண்டு வகுக்கப்பட்டதும், 2019 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் நாள் உலகப் பயறு நாளாக இருப்பதும் நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? உலகத்தில் மிகுதியாகப் பயறு விளைப்பதும், மிகுதியாக உண்பதும், விளைந்தது போதாமல் மிகுதியாக இறக்குமதி செய்வதும் இந்தியாவே. கனடாவிலிருந்தும் மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பருப்பு கப்பலேறி வருகின்றது. நம் வேலியிற் படர்ந்த கொடியிலே முற்றிய நெற்று வெடித்து, விதை மண்ணில் விழுந்து மக்குகின்றது.

இந்நிலைக்குக் காரணம் யாது? ஏழையின் உணவென்ற இளக்காரம் ஒரு காரணம். கொள்ளை நம் பக்கத்தார் காணம் என்பர். ஆங்கிலேயர் அதற்குக் குதிரைக் கடலை எனப் பொருள்படப் பெயரிட்டனர். குதிரைக்கு இடுவதை மனிதன் உண்பதா என்னும் நாணம் அப்பெயராலேயே நம்மவர்க்கும் ஒட்டிக்கொண்டதுபோலும். ஆயினும் இளக்காரத்தினும் பெரிய காரணம் வேறொன்று உண்டு என்பது என் கருத்து. பயறு பொறுமையை வேண்டும் பொருள். நெல்லைப் புடைத்து உலையிலிட்டாற் சோறாம். பயறோ ஊறவேண்டும்; சிலவற்றைத் தோலுரிக்கவேண்டும், சிலவற்றை முளைகட்டவேண்டும், சிலவற்றை வேகவைத்த நீரைக் கொட்டி மறுநீர் பெய்யவேண்டும். இத்தனையும் செய்தாலன்றி அஃது உணவாவதில்லை. செய்யாது உண்டால் வயிற்றைக் கெடுக்கும், சில வகைகள் உயிர்க்கும் ஊறு செய்யும். இச்செயல் அனைத்திற்கும் நம் முன்னோர் வழங்கிய ஒரு சொல் பக்குவம் என்பது. பயற்றைப் பற்றி இந்நாளிற் பேசுவோர் பலரும் பக்குவத்தைப் பேசுவதில்லை. கொள்ளென்றால் வாயைத் திறந்து, கடிவாளமென்றால் வாயை மூடிக்கொள்ளும் குதிரை என்றொரு பழமொழி நம்மிடை உண்டன்றோ? புரதம் இத்துணை, இரும்பு இத்துணை என்று கேட்கும்போது வாய் திறக்கின்றோம். ஓரிரவு ஊறவைத்தல் வேண்டும் என்றவுடன் மூடிக்கொள்கின்றோம்.

இதனை விளக்க நம் மலையிலேயே ஒரு சான்று உண்டு. குற்றாலத்திற்கு வருவோர் அருவியையே நோக்குவர். அருவியின் இருமருங்கும் மரங்களைப் பின்னிக் கிடக்கும் கொடிகளை நோக்குவார் அரியர். இம்மலைத்தொடர் வடக்கே வாசுதேவநல்லூர், சிவகிரி மலைகளாகவும், தெற்கே பாபநாசமும் பொதியிலுமாகவும் நீண்டு செல்கின்றது. வடபாற் பளியரும் தென்பாற் காணிகளும் இதனை நெடுங்காலமாக வாழிடமாகக் கொண்டோர். அவர்கள் அறிந்து உண்ணும் கொடிப்பயறுகளுள் ஒன்று பூனைக்காலி. மூவிலைக் கொடி அது. கருநீலம் ஓடிய பூங்கொத்தும், வளைந்த நெற்றும் உடையது. காட்டுவகை நெற்றின்மேற் பொன்னிறச் சுனை அடர்ந்திருக்கும். கை பட்டாற் பொறுக்கவொண்ணாத அரிப்பு உண்டாம். தோட்டத்திற் பயிரிடும் வகைகள் சிலவற்றில் அச்சுனை இல்லை. நிலத்திற்குத் தழையுரமாக இக்கொடியையும் இதன் இனத்தவற்றையும் பல நாடுகளில் வளர்க்கின்றனர்; நம் அண்டையிலுள்ள இரப்பர்த் தோட்டங்களிலும் மண்மூடாக்காக இவ்வினக் கொடி படர்கின்றது.

இதன் விதையில் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் புரதம் உண்டு. அரிசியிலுள்ளதைப்போல அஃது ஏறத்தாழ மும்மடங்காம். இத்துணை வளம் உடைய விதையைக் காடு முழுதும் இயற்கை இறைத்து வைத்திருக்க, விலங்கும் பறவையும் அதனை உண்டு தீர்த்துவிடாமல் இருப்பது எங்ஙனம் என்று எண்ணுவார்க்கு விடை எளிது. கொடி தன் விதையைக் காத்துக்கொள்கின்றது. வெளியே சுனை, உள்ளே நஞ்சு.

அவ்வுள்நஞ்சு யாதென்பதைக் கண்டு உரைத்தோர் நம் நாட்டவரே என்பதைப் பெருமிதத்தோடு இங்குக் குறிக்க விரும்புகின்றேன். எல்-டோபா என்னும் பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, 1937-இல் இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டோர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அப்பொருள் மூளையினுள் வேறொரு பொருளாக மாறி நரம்புகளை ஏவுவது. 1960-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுக்குவாத நோயாளர்க்கு அதுவே மருந்தாயிற்று; அசையாது கிடந்தோர் எழுந்து நடந்தனர். விதையில் அது நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பங்குவரை இருத்தல் கூடும். மருத்துவன் அளந்து கொடுக்கும்போது மருந்தாவது, அளவறியாது கறியாக உண்பவனுக்கு வாந்தியும் படபடப்பும் மனமயக்கமும் விளைப்பது இயல்பே.

சென்னையார் 1937-இல் அதனைக் காணும் முன்னரே காணிகள் அதனை அறிந்திருந்தனரா? பெயரை அறியார், நீக்கும் வழியை அறிவர். முற்றிய விதையை வேகவைத்து, அந்நீரை இறுத்துக் கொட்டிவிட்டு, புதுநீர் பெய்து மீண்டும் அடுப்பேற்றுவர். இவ்வாறு பலமுறை செய்தபின்னரே உண்பர். எல்-டோபா வெறுந்தீக்கு எளிதில் அழிவதன்று. நீரிலே கரைந்து வெளியேறுவது. ஆதலின் நஞ்சை நீக்குவது தீ அன்று, கொட்டப்படும் நீரேயாம். இந்த நுண்மையை ஏட்டிற் படியாமலே கைவழக்கில் வைத்திருந்தனர் அம்மக்கள். 1985-இல் ஜனார்த்தனனும் இலட்சுமணனும் இவ்விதையின் ஊட்டங்களையும் ஊட்டத்தைத் தடுக்கும் பொருள்களையும் ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னர்த் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் கல்லூரியைச் சேர்ந்த வி. ஆர். மோகன் முதலிய தாவரவியலார் நம் மலைவாழ் மக்கள் உண்ணும் பயறுகள் பலவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். ஊறவைத்தலும் நீர்மாற்றி வேகவைத்தலும் வறுத்தலும் முளைகட்டலும் எதனை எவ்வளவு குறைக்கும் என்பது இன்று ஆய்வுக்கூடத்திலும் அளந்தறியப்படுவது.

இனி யான் சொல்லவந்த செய்திக்கு வருகின்றேன். விதை மலையினின்று இறங்கிவிடுகின்றது. பக்குவம் மலைமேலேயே நின்றுவிடுகின்றது. இதனால் நேரும் கேடு சிறிதன்று. உலக வரலாற்றில் இது முன்னும் நேர்ந்ததுண்டு.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். அஃது அமெரிக்க முதுகுடிகளின் உணவு. மெக்சிக்கோ முதலிய நாட்டார் அதனைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து ஊறவிட்டுத் தோல் கழுவியே அரைப்பர். கொலம்பசுக்குப்பின் ஐரோப்பியர் அத்தானியத்தைக் கப்பலேற்றிக்கொண்டு போயினர். சுண்ணாம்பு நீரை அங்கேயே விட்டுவிட்டனர். அதனை அறியாதார் வழக்கம் என்று எண்ணினர்போலும். 1735-ஆம் ஆண்டளவில் எசுப்பானிய நாட்டில் காசல் என்னும் மருத்துவர் ஒரு புதுநோயைக் கண்டு எழுதினார்: தோல் வெடித்துக் கறுக்கும், வயிறு கழியும், அறிவு கலங்கும். பெல்லகிரா என்று பின்னர்ப் பெயர்பெற்ற அந்நோய் இத்தாலியில் பரந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் பல்லாயிரவரை மாய்த்தது. 1914 முதல் கோல்ட்பெர்கர் என்பார் அதனை ஆராய்ந்து, அது தொற்றுநோய் அன்று, உணவுக்குறை என நிறுவினார். 1937-இல் நிகோடினிக் அமிலமே அக்குறையை நீக்குவது என எல்வெஜெம் கண்டார். சோளத்திற் கட்டுண்டு கிடக்கும் அச்சத்தை உடல் கொள்ளுமாறு அவிழ்த்துவிடுவது அச்சுண்ணாம்பு நீரே. தானியத்தைக் கைக்கொண்டு, தானியம் சமைத்தவளின் அறிவைக் கைவிட்டதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தண்டம் செலுத்தினர்.

மற்றொன்று நம் பூனைக்காலியையே பற்றியது. மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் 1989-இல் இருநூற்றுவர் அளவினர் திடீரென மனங்கலங்கிப் பிதற்றத் தொடங்கினர். தலைவலியும் படபடப்பும் பொய்த்தோற்றமும் அவர்களை வருத்தின. ஆராய்ந்தபோது பூனைக்காலி விதையே காரணம் எனப் புலனாயிற்று. அம்மக்கள் அதனை உண்ணும் முறை அறியாதவரல்லர். பலமுறை நீர்மாற்றி வேகவைத்தலே அவர்தம் வழக்கமும். ஆயின் அவ்வாண்டு போரும் வறட்சியும் ஒருங்கே வந்தன. கொட்டுவதற்கு நீர் இல்லை. நீரைக் கொட்டாது உண்டனர். இச்செய்தியைப் படித்த நாள்முதல் குற்றாலத்து அருவியைக் காணுந்தோறும் எனக்கு அந்நினைவு எழுகின்றது. அருவிநீர் தடையின்றிப் பாயும் இவ்விடத்திலே விதையைப் பொடித்து அப்படியே விழுங்குவாரும் உளரே!

ஆம், உளர். பூனைக்காலி விதையும் பொடியும் நாட்டு மருந்துக் கடைகளிற் கிடைக்கும் பண்டங்கள். சாரற் காலத்திற் குற்றாலக் கடைத்தெருவிலே மூலிகைப் பொட்டலங்கள் எத்துணைக் குவிகின்றன என்பதை அன்பர்கள் அறிவர். குறிப்பிட்ட கடையொன்றைச் சுட்டுதல் என் நோக்கமன்று. ஆயின் உடல்வலிக்கும் ஊக்கத்திற்கும் அதிசய உணவு எனப் பொட்டலத்தின்மேல் எழுதப்படுகின்றது. யார் உண்ணலாகாது, எவ்வாறு பக்குவம் செய்தது என்பன எழுதப்படுவதில்லை. மன நோய்க்கோ நடுக்குவாதத்திற்கோ முன்னமே மருந்துண்பவர் இதனைத் தாமே வாங்கி உண்டால், அம்மருந்தோடு இது மோதுதல் கூடும். நம் பண்டை மருத்துவரும் இவ்விதையை அப்படியே கொடுத்தாரல்லர். பாலில் வேகவைத்துத் தோல் நீக்கியே மருந்திற் சேர்ப்பர். இத்தகைய செயலுக்குச் சுத்தி என்பது அவர் வழங்கும் பெயர். மலைவாணனின் பக்குவமும் இல்லை, மருத்துவனின் சுத்தியும் இல்லை. இயந்திரத்தில் அரைத்த பொடி மட்டும் இருக்கின்றது. இதனைத் தமிழ் மருத்துவம் என்பதோ மலையுணவு என்பதோ இரு சாராரையும் இழிவுபடுத்துவதாகும்.

இவ்வாறு கூறுவதால், பயறுகள் யாவும் நஞ்சென்றும் அவற்றைத் தொடலாகாதென்றும் யான் கூறுவதாக யாரும் கொள்ளற்க. கருத்து நேர்மாறானது. ஒவ்வொரு பயறும் ஒவ்வொரு பக்குவத்தை வேண்டுவது. அதனை அறிந்தால் அச்சத்திற்கு இடமில்லை என்பதே கூறவந்தது. எல்லாவற்றையும் ஒரே வழியில் நடத்துவதும் அறியாமையே. பூனைக்காலியின் குற்றம் நீரிற் போவது. சிவப்புக் காராமணி போன்ற தோற்றமுடைய இராஜ்மாவின் குற்றம் தீயில் அழிவது: ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, கொதிநிலையிற் பத்து நிமிடமேனும் நன்கு வெந்தாற் போதும், அரைவேக்காடாக மெல்லிய சூட்டிலேயே நெடுநேரம் வைத்திருந்தால் முன்னிலும் கேடு மிகும் என்பர். வாளவரையின் பிஞ்சு, தம்பட்டங்காய் என நம் சந்தையிற் கறிக்கு விற்பது. அதன் முற்றிய விதைக்கோ நீடித்த ஊறலும் நீர்மாற்றமும் வேண்டும். (இவ்வாளவரையின் உறவினமாகிய மற்றொரு அவரையிலிருந்தே 1926-இல் சம்னர் என்னும் அமெரிக்கர் யூரியேசு என்னும் நொதியைப் படிகமாக எடுத்தார், அவ்வகை ஆய்வுக்கே 1946-இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. வேலியோரத்து அவரைக்கு இதனினும் பெரிய சிறப்பு வேண்டுமோ?) கேசரிப் பருப்பின் கதை யாவர்க்கும் தெரிந்ததாதலின் அதனை விரிக்கவில்லை; பஞ்சகாலத்தில் அதனையே நாள்தோறும் உண்டு கால் முடங்கியோர் வட இந்தியாவிற் பலர், அந்நஞ்சும் ஊறலாலும் நீரிறுத்தலாலும் பெரிதும் குறைவதே.

இனி நம் காணம். அதில் அஞ்சத்தக்க நஞ்சு ஏதுமில்லை. புரதம் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேலும், இரும்பு மிகுதியாகவும் உண்டு. ஆயின் அவ்விரும்பை உடல் கொள்ளவொட்டாது பைட்டிக் அமிலம் என்பதொன்று பற்றிக்கொண்டிருக்கும். தோலிலுள்ள துவர்ப்பொருளும் அதற்குத் துணைநிற்கும். விதை முளைக்கும்போது அதனுள்ளே எழும் நொதி அப்பற்றை அவிழ்க்கின்றது. தன் குருத்துக்கு ஊட்ட வேண்டித் தானே திறந்துகொள்கின்ற பெட்டியை நாம் அவ்வேளை நோக்கி எடுத்துக்கொள்கின்றோம் என்க. எங்கள் ஆச்சி காணத்தை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் துணியில் முடிந்து தொங்கவிட்டு, வெண்முளை கண்டபின்னரே குழம்பில் இடுவார். ஏன் என்று கேட்டால், "அப்பந்தான் ஒடம்புல ஒட்டும்" என்பார். ஒட்டும் என்ற அச்சொல்லுக்கு இத்துணை வேதியியல் உண்டென்பதை யான் இப்போதுதான் படித்து அறிகின்றேன். வறுத்து அரைக்கும் காணத்துவையலுக்குப் புளி கூட்டுவதும், வெந்த நீரைக் கொட்டாமல் ரசமாக்குவதும் நம் பக்கத்து வழக்கம். பூனைக்காலிக்கு நீரைக் கொட்டுதல் அறிவு. காணத்திற்கு அந்நீரைக் கொட்டுதல் அறியாமை. மொச்சைக்கோ ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துவிடுதலே சிறந்த வழி. இட்டிலிக்கு உளுந்தை அரைத்துப் புளிக்கவிடுவதும் இவ்வினத்தைச் சேர்ந்த பக்குவமே. நாள்தோறும் செய்வதால் அதனை நாம் கலையென நினைப்பதில்லை.

என் நண்பர் ஒருவர், பொருளியல் மாணவர், இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு மூன்று தடைகளை எழுப்பினார். பன்முறை வேகவைப்பதற்கு விறகோ எரிவாயுவோ யார் கொடுப்பார் என்பது முதலாவது. அடுப்படியில் இவ்வேலையெல்லாம் பெண்டிர் தலையிலன்றோ விழும் என்பது இரண்டாவது. நீரோடு சத்தும் போகாதோ என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதற்கு விடை எளிது. நீரிற் கரையும் வைட்டமின்களும் உப்புக்களும் சில போகத்தான் செய்யும். புரதம் பெரும்பகுதியும் விதையிலேயே நிற்கும். போவதைக் கீரையும் காயும் கொடுக்கும். போகாது நின்ற நஞ்சிற்கு ஈடு கொடுப்பது எதுவும் இல்லை. முதலிரண்டு தடைகளோ மெய்யான தடைகள். அவற்றை இல்லையெனச் சாதிப்பது நேர்மையன்று. வேலைக்குச் சென்று மீளும் தாயொருத்தியிடம் விதையைக் கொடுத்து ஐந்துமுறை நீர்மாற்றுக என்று அறிவுரை கூறுவது, அவள் கையில் உழைப்பையும் நம் வாயிற் புகழையும் வைப்பதாகும்.

அதற்கு வழி, பக்குவத்தை வீட்டினின்று ஊர்ப்பொதுவிற்குக் கொணர்தலே என்று யான் எண்ணுகின்றேன். சாவா நாட்டார் இதனைச் செய்து காட்டியுள்ளனர். அங்கே பூனைக்காலியின் இனத்ததாகிய விதையைப் பெங்குக் என்பர். அதனை வேகவைத்து, தோல் நீக்கி, நாட்கணக்கில் நீர்மாற்றி ஊறவைத்து, மீண்டும் அவித்துப் பின் பூஞ்சணத்தாற் புளிக்கவைத்துக் கட்டியாக்கி, யோக்யகார்த்தாப் பக்கத்துச் சந்தைகளில் விற்கின்றனர். வாங்குவோர் வீட்டில் வேலை ஒன்றுமில்லை, பொரித்து உண்ணவேண்டியதுதான். நாமும் கடையில் இட்டிலி மாவு வாங்குகின்றோமே! தென்காசி மாவட்டத்து மகளிர் சுய உதவிக் குழுக்கள் அப்பளமும் ஊறுகாயும் செய்வதுபோல, முளைகட்டி உலர்த்திய காணத்தையும், தோல்நீக்கிய மொச்சைப் பருப்பையும் செய்து விற்கலாம். இவ்விரண்டும் இடரற்றவை, இன்றே தொடங்கலாம். பூனைக்காலியைப் போன்றவற்றை மட்டும், நொறுக்கி ஊறவைத்து நீர்மாற்றிப் பக்குவம் செய்தபின், ஒவ்வொரு தொகுதியும் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டுச் சான்று பெற்றாலன்றி வெளியே விடுதல் கூடாது. முழு விதையினும் நொறுக்கிய விதையில் நீர் விரைந்து புகும்; நஞ்சும் விரைந்து வெளியேறும்; எரிபொருளும் மிச்சமாம். நம் விடுதியிலும் வாரம் ஒருமுறை முளைகட்டிய காணம் இடலாம் என்பதை விடுதிச் செயலர் கவனிப்பாராக. சாம்பாரிற் பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் கலையில் நாங்கள் போதிய தேர்ச்சி பெற்றுவிட்டோம். பாபிலோன் அரண்மனையிலே தானியேலும் தோழரும் அரச உணவை மறுத்துப் பருப்பும் தண்ணீரும் கேட்ட செய்தி நம் கல்லூரியில் அறியாதார் இலர். அப்பருப்பை அங்கு ஊறவைத்துக் கொடுத்தவர் யாரோ, அவர் பெயர் எழுதப்படவில்லை.

பெயர் எழுதப்படாமை என்பது ஈண்டுப் பெரிய கேள்வி. நம் மலைத்தொடரின் மறுபுறத்துக் காணிகளிடமிருந்து 1987-இல் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் இயல்பைத் தாவரவியலார் அறிந்தனர். அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்து செய்யப்பட்டபோது, உரிமத்தொகையிற் பாதி காணிகளுக்கு உரியதென வகுக்கப்பட்டு, அதற்கென 1997-இல் ஓர் அறநிலையம் பதிவாயிற்று. அவ்வேற்பாட்டிற் குறைகூறுவாரும் உளர். ஆயினும் அறிவு தந்தவனுக்குப் பங்கு உண்டு என்பது அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. நாளை நம் கடைகளிலே மலைப்பயறு நன்முறையிற் பக்குவமாகி விற்குமாயின், அப்பக்குவத்தைக் கண்டவர்க்கும் அவ்வாறே பங்கு வேண்டும். அன்றிக் காட்டு விதையையே வாரிக்கொண்டு வருவோமாயின், அவர்தம் உணவைப் பறித்து நாம் உண்பதாய் முடியும். விதைக்கவேண்டியது நம் புன்செயிலே; கற்கவேண்டியது அவரிடத்திலே.

தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை என்று எம் வகுப்பிலேயே கேட்டனர். வேலை மிக உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி செடியின் பெயரையும் அதன் பொருளையும் கூறும். அதனை எத்தனை நீரில் அவிப்பது என்று கூறாது. அது பேரகராதியின் குறையன்று, அகராதிக்கு அப்பாற்பட்டது. இறுத்தல், வடித்தல், கழுநீர் போக்கல், முளைகட்டல், பிதுக்கல், வெதுப்பல், வறுத்தல் என்று நம் மொழி நுணுகிப் பிரித்துவைத்த சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்குவத்தைச் சுட்டுவன. இறுத்தல் வேறு, வடித்தல் வேறு என்பது மறைந்துவிட்டால், நீரை எப்போது கொட்டுவது என்பதும் உடன் மறையும். வேதியியல் மாணவர் நஞ்சை அளப்பர். தாவரவியல் மாணவர் கொடியை இனங்காண்பர். அம்மக்கள் வாய்ச்சொல்லைப் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டியவர் தமிழ் மாணவரே.

ஆதலின் மூன்று துறையினரும் கூடி வரும் கோடை விடுமுறையில், வனத்துறையாரின் இசைவும் ஊர் மூப்பரின் இசைவும் பெற்று, பாபநாச மலைக் குடியிருப்புகளுக்கும் வாசுதேவநல்லூர் மலையடிவாரத்திற்கும் சென்றுவருதல் வேண்டுமென்று பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். அங்குச் சமைக்கும் தாய்மாரிடம் கேட்டு எழுதிவர வேண்டியன இவை: விதையை முழுதாகவே ஊறவைக்கின்றனரா, நொறுக்கியா; சாம்பலோ புளியோ இலையோ உடன் இடுகின்றனரா; எத்தனை முறை நீர் மாற்றுகின்றனர்; இனிப் போதும் என்பதை நிறத்தால் அறிகின்றனரா, மணத்தாலா, நாவாலா; குழந்தைக்கும் சூலிக்கும் கொடுப்பதுண்டா; இறுத்த நீரை எங்கே கொட்டுகின்றனர், ஆடும் கோழியும் அதில் வாய்வையாதபடி என்ன செய்கின்றனர் என்பன.